எல்லாம் அவனே என்றார்களா குணங்குடியார்?

மீலாது விழாக்களிலும் கந்தூரி இரவுகளிலும் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பாடல்களை நம்மவர்கள் பாடக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பாட்டு முடிந்து, கூட்டம் கலையும் வேளையில், யாரேனும் ஒருவர் மெல்ல ஒரு கேள்வியை எழுப்புவதும் உண்டு. பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாடிய பெரியவர் படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்கிவிட்டாரே, மனோன்மணி என்றும் நந்தீசுவரன் என்றும் பாடி வைத்திருக்கிறாரே, இது தௌஹீதுக்கு அடுக்குமா என்பதே அக்கேள்வி. கேட்பவர் மார்க்கப் பற்றினாலேயே கேட்கிறார். அவரைக் கோபிப்பதில் பயனில்லை. மஸ்தானுடைய பாட்டில் வாய் வைக்காதே என்று அவரிடம் கூறி அனுப்பிவிடுவதும் முறையல்ல. நாம் அறிந்த மட்டில் பதில் கூற முயல்வோம்.

முதலில் அவர்கள் யார் என்பதைப் பார்ப்போம்.

இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு வடமேற்கே, குணங்குடி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நயினார் முகம்மது என்பாருக்கும் பாத்திமா அம்மையாருக்கும் மகனாக 1792ஆம் ஆண்டில் அவர்கள் பிறந்தார்கள். நான்கு ஆண்டு முன்னதாகக் கூறுவாரும் உளர். பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். கம்பெனியார் 1786இல் பினாங்கில் கொடியேற்றி ஆறாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஜியார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றிய 1801இல் அவர்கள் சின்னஞ்சிறு பிள்ளை. அவர்கள் ஓடி விளையாடிய அதே கரையிலிருந்துதான் நம் முன்னோர்களிற் பலர் பாய்மரக் கப்பலேறி இத்தீவுக்கு வந்தார்கள். ஆகவே, சிம்பாங் அம்பாட்டில் இருந்துகொண்டு அவர்களைப் பற்றிப் பேசும்போது எங்கோ வேற்று நாட்டு ஞானியைப் பற்றிப் பேசுவதாக எண்ண வேண்டியதில்லை, ஊர்க்காரர்தாம்.

மார்க்கக் கல்வியை அவர்கள் கீழக்கரையில் கற்றார்கள். தைக்கா சாகிபு என்று மக்கள் அழைத்த ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களே ஆசிரியர். கிதாபுகளை முறையாக ஓதிய மாணவர் அவர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில், மார்க்கம் அறியாமல் உளறிய ஒரு பரதேசி என்று அவர்களைப் பற்றி எழுதுவோரும் இருந்திருக்கிறார்கள். தாய்மாமன் மகள் மைமூன் என்னும் பெண்ணைப் பேசி முடித்தபோது அவர்கள் இசையவில்லை என்றும், இல்வாழ்வு தமக்கு ஆகாது என்று வீட்டைவிட்டு வெளியேறினார்கள் என்றும் வரலாறு கூறுவோர் எழுதுகின்றனர். அந்தப் பெண்ணின் நிலை என்னவாயிற்று என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நமக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

பின்னர் திரிசிரபுரம் சென்று, மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் காதிரிய்யா தரீக்கில் பைஅத்துப் பெற்றார்கள். அவர்கள் பாடிய முகியித்தீன் சதகம் பகுதாது நகரின் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைக் குருவாகக் கொண்டு அழைப்பது. பின்னே நாம் பேசப்போகும் இப்னு அரபி (ரஹ்) அவர்களுக்கும் முகியித்தீன் என்ற பட்டம் உண்டு. இருவரையும் ஒருவராக்கிக் குழம்பியோரை நாம் கண்டிருப்பதால் இதைக் கூறி வைக்கிறோம். ஜீலானி அவர்கள் 1166இல் மறைந்தார்கள். இப்னு அரபி அவர்கள் அதற்கு ஓராண்டு முன்னர்தான் ஸ்பெயின் நாட்டு முர்சியாவில் பிறந்தார்கள்.

மதுரைக்கு அருகில் திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் 40 நாள் தனித்திருந்து தவம் செய்தார்கள் என்பது வழக்கு. அதன்பின் ஊர் ஊராகத் திரிந்த காலம். காடும் மேடும் குப்பை மேடும் அவர்களுக்கு ஒன்றாயிருந்தன. தம்மை மறந்து அழுவதும் சிரிப்பதும் பாடுவதுமாய் இருந்ததைக் கண்ட பொதுமக்கள் மஸ்தான் என்றார்கள். மஸ்த் என்பது பாரசீகச் சொல். மது உண்டவனுக்குரிய மயக்கத்தைக் குறிப்பது. பெற்றோர் வைத்த பெயர் மறைந்து, தெருவார் வைத்த பெயர் நின்றது.

முடிவில் சென்னப்பட்டணம் சேர்ந்து, வடசென்னை இராயபுரத்தில், லெப்பைக் காடு என்று பெயர்பெற்ற முட்புதர் நிலத்தில் தங்கினார்கள். தொண்டியிலிருந்து வந்தவராதலால் தொண்டியார் என்று மக்கள் அழைத்தார்கள் என்றும், அதனாலேயே அப்பகுதிக்குத் தண்டையார்பேட்டை என்று பெயர் வந்தது என்றும் நம்மவர் பெருமையுடன் சொல்வர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் கம்பெனியார் வசம் வந்ததாகப் பழைய ஆவணங்கள் கூறுகின்றன. அது அவர்கள் பிறப்பதற்கு 99 ஆண்டுகள் முன்பு! பெரியார்களின் பெருமைக்கு இத்தகைய முட்டுக்கொடுத்தல் வேண்டுவதில்லை.

அவர்களைத் தேடி வந்தவர்களில் இந்துப் பெருமக்களும் பலர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அந்நாளில் பேர்பெற்ற தமிழ்ப் புலவர், திருக்குறளைப் பதிப்பித்தவர். அவர் குணங்குடியார் மீது நான்மணிமாலை பாடினார். ஒரு சைவப் புலவர் ஒரு முஸ்லிம் ஞானியின் மீது பிரபந்தம் பாடியது சிறிய செய்தியன்று. ஆனால் இதுவே அவர்களுக்கு எதிரான சான்றாகவும் சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது. சைவர்க்கு இனிக்கிற பாட்டு முஸ்லிமின் பாட்டாக இருக்க முடியுமா என்பார்கள் அவர்கள்.

இனி வழக்கிற்கு வருவோம்.

எல்லாம் இறைவனே என்னும் கொள்கையை மேல்நாட்டார் பாந்தீயிசம் என்பர். அயர்லாந்துக்காரரான ஜான் டோலண்டு என்பவர் 1705இல் பாந்தீயிஸ்டு என்ற சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். அதன் பொருள் யாதெனில், மலையும் கடலும் மரமும் மனிதனுமாகிய இந்த உலகத்தின் மொத்தமே இறைவன். இதற்கு அப்பால் படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்பது. இக்கொள்கைக்கு மேல்நாட்டில் பெரும் பெயராகக் காட்டப்படுபவர் ஸ்பினோசா. ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர். 1656இல் தம் சமூகத்தாரால் விலக்கப்பட்டவர், 1677இல் இறந்தார். இறைவன் என்றாலும் இயற்கை என்றாலும் ஒன்றே என்று எழுதினார். அவரையுங்கூடப் பாந்தீயிஸ்டு என்று சொல்லத் தகுமா என்று அறிஞர் இன்றும் வாதாடுகிறார்கள். ஏனெனில், இறைவனுக்கு எண்ணிறந்த தன்மைகள் உண்டு, அவற்றில் எண்ணம், பரப்பு ஆகிய இரண்டையே நாம் அறிகிறோம் என்று அவர் கூறியிருக்கிறார். அப்படியானால் நாம் காணும் உலகம் இறைவனின் முழுமை ஆகாதல்லவா? அது நிற்க. அவருடைய கொள்கையில் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அந்த இறைவனிடம் மன்றாட முடியாது. அவன் கேட்பதில்லை, கோபிப்பதில்லை, இரங்குவதில்லை. இறைவனை நேசிப்பவன் இறைவனும் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டுமென்று முயலமாட்டான் என்பது அவர் முடிவு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு குணங்குடியாரின் நூலைத் திறந்து பாருங்கள். பராபரக் கண்ணி முழுவதும் விண்ணப்பம். ரகுமான் கண்ணி விண்ணப்பம். எக்காலக் கண்ணி, அந்த நாள் எப்போது வருமோ என்ற ஏக்கம். பிழை பொறுக்கும்படி கேட்கிறார்கள். மனம் அடங்கவில்லையே என்று முறையிடுகிறார்கள். ஏன் இன்னும் முகம் காட்டவில்லை என்று உரிமையோடு சண்டை பிடிக்கிறார்கள். கேட்பவன் ஒருவன், கொடுப்பவன் ஒருவன் என்ற வேறுபாடு இல்லாத இடத்தில் இத்தனை அழுகைக்கு இடமேது? தானே அரசன் என்று நினைப்பவன் அரண்மனை வாயிலில் நின்று கையேந்துவானா?

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். அழுது வேண்டுவது தமிழ்ப் பக்திப் பாடல்களின் மரபுதானே, தாயுமானவரும் பராபரக் கண்ணி பாடியிருக்கிறாரே, அந்த வழக்கத்தைப் பின்பற்றி இவர்களும் பாடினார்கள் என்பதால் கொள்கை இன்னதென்று எப்படி முடிவு கட்டுவது? நியாயமான மறுப்புத்தான். தாயுமானவரின் சாயல் குணங்குடியாரிடம் நிரம்ப உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகையால் பாடலின் வடிவத்தை மட்டும் நம்பாமல், அவர்கள் நின்ற ஞானவழி என்ன கூறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சூபி மரபில் வஹ்ததுல் வுஜூது என்றொரு கொள்கை உண்டு. வுஜூது என்றால் உள்ளமை. மெய்யான உள்ளமை ஒன்றே என்பது பொருள். 1240இல் திமிஷ்கில் மறைந்த இப்னு அரபி (ரஹ்) அவர்களின் பெயரோடு சேர்த்து இது வழங்கப்படுகிறது. அவர்களுக்குப் பின்வந்தோரே இந்தப் பெயரைப் பரப்பினர். இதைக் கேட்டவுடன் பலரும் பாந்தீயிசமென்று முத்திரை குத்திவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு என்பது நம் கருத்து.

நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயற்காட்டை நிலா இரவில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு நிலா தெரியும். இந்த நூறு நிலாக்களையும் கூட்டினால் அதுதான் நிலா, வானத்தில் வேறொன்றும் இல்லை என்பவன் பாந்தீயிஸ்டு. பாத்தியில் தெரியும் ஒளி பாத்தியின் சொந்த ஒளியன்று, நிலா மறைந்தால் அதுவும் மறையும், நிலாவோ எந்தப் பாத்திக்குள்ளும் இறங்கி வரவில்லை என்பவர் சூபி. முன்னவன் இறைவனை உலகத்தோடு அடக்கிவிடுகிறான். பின்னவரோ உலகத்துக்குச் சொந்தமாக ஏதுமில்லை என்று கையை விரிக்கிறார். எந்த உவமையும் ஓரளவுக்குத்தான் செல்லும். பாத்தி நீர் நிலாவின்றியும் இருக்கும், படைப்போ அவனின்றி ஒரு கணமும் இராது.

திருக்குர்ஆனும் இருபுறத்தையும் சொல்கிறது. அவனைப் போன்ற பொருள் எதுவுமில்லை என்கிறது. பிடரி நரம்பைவிட அவன் மனிதனுக்கு அருகில் இருக்கிறான் என்றும் சொல்கிறது. முதலாவதைத் தன்ஸீஹ் என்றும் இரண்டாவதைச் சார்ந்த பேச்சைத் தஷ்பீஹ் என்றும் ஞானிகள் கூறுவர். ஒன்றை மட்டும் பிடித்தால் இறைவன் எட்டாத் தொலைவில் நின்றுவிடுவான். மற்றதை மட்டும் பிடித்தால் கல்லும் மரமும் இறைவனாகிவிடும். இரண்டையும் விடாமல் பிடிப்பதே அவர்கள் வழி.

இது வெறும் புத்தக விவகாரமன்று. நம் பினாங்குக்கு எதிர்க்கரையில், அச்சேயில், இந்தக் கேள்விக்காக உயிர்கள் போயிருக்கின்றன. ஹம்ஸா பன்ஸூரி என்னும் மலாய் ஞானக் கவிஞரும், 1630இல் இறந்த பாசைநகர் ஷம்சுத்தீனும் இந்த வுஜூதுக் கொள்கையை மலாய் மொழியில் எழுதினார்கள். 1637இல் குஜராத்து ராந்தேரிலிருந்து நூருத்தீன் ரானீரி என்னும் ஆலிம் அங்கே வந்து, சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவைப் பெற்றார். ஹம்ஸாவின் வழியினர் இறைவனையும் உலகத்தையும் ஒன்றென்கிறார்கள், அவர்கள் காபிர்கள் என்று பத்வா கொடுத்தார். நூல்கள் எரிக்கப்பட்டன, கொள்கையைக் கைவிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். வியப்பு என்னவென்றால், ரானீரியும் இப்னு அரபி அவர்களை மறுத்தவரல்லர். வுஜூதியாக்களில் முவஹ்ஹிதா என்ற உண்மைக் கூட்டமும் முல்ஹிதா என்ற வழிதவறிய கூட்டமும் உண்டென்று பிரித்தார். ஹம்ஸாவை இரண்டாம் கூட்டத்தில் வைத்தார். சுல்தான் 1641இல் இறந்தபின் காற்று மாறியது. சில ஆண்டுகளில் ரானீரி ஊர் திரும்ப நேர்ந்தது. பிறகு சிங்கிலைச் சேர்ந்த அப்துர் ரவூபு அவர்கள் நெடுங்காலம் அரபு நாட்டில் ஓதி 1661இல் அச்சே திரும்பினார்கள். இவ்விவகாரம் பற்றி மதீனாவிலிருந்த இபுராகீம் கூரானி அவர்களிடம் விளக்கம் பெற்றார்கள். ஒரு முஸ்லிமைக் காபிர் என்று அழைப்பவனுடைய சொல் அவனையே வந்தடையக்கூடும் என்ற எச்சரிக்கையை நினைவூட்டினார்கள். ரானீரியின் பெயரைச் சொல்லி அவர்கள் தாக்கவில்லை. நம் காலத்தில் மலேசிய அறிஞர் சையிது முகம்மது நகீபு அல்-அத்தாஸ் 1966இலும் 1970இலும் வெளியிட்ட நூல்களில் ஹம்ஸாவின் எழுத்துக்களை ஆராய்ந்து, அவர் மீது சாட்டப்பட்ட குற்றம் பொருந்தாதென்று வாதிட்டார்.

அச்சேயில் நடந்தது குணங்குடியாருக்கு நேரவில்லை. அவர்கள் காலத்துச் சென்னையில் பத்வாவை நிறைவேற்றச் சுல்தான் இல்லை என்பது ஒரு காரணமாகலாம். பெரியார் வாழ்ந்தது முட்புதரில், அரண்மனையில் அன்று.

இந்தியாவிலும் இந்த விவாதம் நடந்தது, ஆனால் வாளின்றி. ஹமா ஊஸ்த், அதாவது எல்லாம் அவனே என்று ஒரு சாரார் கூறினர். ஹமா அஸ் ஊஸ்த், எல்லாம் அவனிடமிருந்தே என்று மற்றொரு சாரார் திருத்தினர். சர்ஹிந்து நகரத்து அகமது (ரஹ்) அவர்கள் (1564-1624), ஒன்றாகத் தோன்றுவது காண்பவனின் காட்சியிலேதான், உண்மையில் அடியான் அடியானே என்றார்கள். பகலில் நட்சத்திரம் தெரியவில்லை. அதனால் நட்சத்திரம் இல்லையென்றாகுமா? டில்லி ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் (1703-1762) இருசாராரும் பெரும்பாலும் சொல்லிலேதான் மாறுபடுகின்றனர் என்று சமாதானம் செய்து வைத்தார்கள்.

குணங்குடியாரை இந்த இரண்டில் எதில் வைப்பது? பாடிக்கொண்டே போகும்போது அவர்கள் ஹமா ஊஸ்தின் கரையைத் தொட்டுவிடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கும் நிறைந்த ஒன்றைப் பரிபூரணம் என்று பாடும் இடங்களிலும், தானென்பது அழிந்துபோனதைப் பாடும் இடங்களிலும், மேலோட்டமாகப் படிப்பவன் தடுக்கி விழுவான். ஆனால் அழிவதாக அவர்கள் கூறுவது எதை? நான் என்ற எண்ணத்தை. உலகம் இறைவனாக உயர்ந்துவிட்டது என்று அவர்கள் களிக்கவில்லை. நான் ஒன்றுமில்லாமற் போனேன் என்கிறார்கள். பனா என்று ஞானிகள் கூறுவது இதுவே. அடுத்த கண்ணியிலேயே மறுபடியும் அடிமையாய் வந்து நிற்கிறார்கள்.

மனோன்மணி விஷயம் இன்னும் கடினமானது. சைவர் வழக்கில் அது சக்தியின் பெயர்; யோகிகள் வழக்கில் மனம் கடந்த நிலை. அந்தப் பெயரை வைத்துக் காதலியை அழைப்பதுபோல் ஒரு கண்ணி முழுவதும் பாடியிருக்கிறார்கள். தமிழ்ப் பக்தர்கள் இறைவனை நாயகனாகவும் தம்மை நாயகியாகவும் பாடுவது பெரும்பான்மை. இவர்கள் தலைகீழாக மாற்றி, தாம் காதலனாக நிற்கிறார்கள். இது லைலாவைத் தேடிய மஜ்னூனின் வழி. அரபு, பாரசீகக் கவிஞர்களின் வழி. இப்னு அரபி அவர்களும் மக்காவில் கண்ட நிழாம் என்ற மங்கையை முன்வைத்துக் காதற் பாடல்கள் இயற்றினார்கள். அதற்கு ஆட்சேபம் கிளம்பவே, ஒவ்வொரு பாடலுக்கும் ஞானப்பொருள் கூறித் தாமே உரை எழுத நேர்ந்தது. குணங்குடியார் அப்படி உரை எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் நமக்கு இத்தனை சிரமம் இராது.

அகத்தீசன் சதகமும் நந்தீசுரக் கண்ணியும் சித்தர் மரபின் பேச்சு. மூச்சை அடக்குதல், மூலத்தீயை எழுப்புதல் என்று அக்காலத் தமிழகத்தில் யோகம் பேசியவர் யாவரும் அகத்தியரையும் நந்தியையும் ஆசான்களாகப் பேசினர். மஸ்தான் சாகிபு அவர்களும் அந்த மொழியில் பேசினார்கள். கடவுளாக வணங்கினார்கள் என்று காட்ட இயலாது. இருப்பினும் அவற்றைப் பள்ளிவாசல் முற்றத்தில் பாட வேண்டுமென்று நாம் வற்புறுத்தமாட்டோம். சிறுவர்களுக்குக் கற்பிக்க முகியித்தீன் சதகமும் ரகுமான் கண்ணியும் பராபரக் கண்ணியும் இருக்கின்றன.

ஷரீஅத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் இறைவனானால் ஹலால் ஏது, ஹராம் ஏது என்ற கேள்வி எழும். பாந்தீயிசத்தின் ஆபத்து அதுதான். குணங்குடியார் அந்த முடிவுக்குப் போகவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாடினார்கள். அவர்களின் பரிந்துரையை வேண்டினார்கள். தீர்ப்பு நாள் ஒன்று உண்டென்று நம்பாதவன் பரிந்துரை கேட்பானா? அவர்களுடைய வெறிகொண்ட நிலையையும் குப்பைமேட்டு வாழ்வையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. தன்னிலை இழந்த மஜ்தூபுக்கு உள்ள விலக்கு, தன்னிலையில் உள்ள நமக்கு இல்லை.

1838ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1254இல், அவர்கள் இராயபுரத்திலேயே வபாத்தானார்கள். வயது 47 என்பது வழக்கு. தங்கியிருந்த நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். சென்னைக்குச் செல்லும் நம் அன்பர்கள் அந்த தர்காவில் நின்று ஒரு பாத்திஹா ஓதிவரலாம். பாடல்களைப் பற்றிய ஐயம் தீராதவரும் ஓதலாம். பாத்திஹாவில் நாம் கேட்பது அவர்களுக்காக, அல்லாஹ்விடத்தில்.